வில்லுவண்டியிலிருந்து ட்ரெய்லர் வரை: ஓடும் உரிமையும் நிற்கும் உரிமையும்



சங்ககிரிப் பக்கம் ஒரு காலனியில் மாலைநேரப் படிப்பு வட்டத்துக்காக நாங்கள் போய்வருவது வழக்கம். அங்கே ட்ரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவரின் வீட்டுச் சுவரில் அண்ணலின் படம் இருக்கிறது. பதினெட்டு வருசமாக அவர் வடக்கே லோடு ஏற்றிப் போகிறார். நாக்பூர் வழியாகத்தான் போக்குவரத்து. ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டோம்: "அண்ணா, தீக்ஷா பூமியைப் பாத்திருக்கீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நாப்பதடி வண்டிய எங்கீங்க தம்பி நிறுத்தறது?"

1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் பல லட்சம் மக்களோடு பௌத்தம் ஏற்ற மண் அது. சுவரில் படம் வைத்திருக்கும் ஒரு மனிதர் அந்த ஊரைக் கணக்கில்லாத முறை கடந்திருக்கிறார். ஒருமுறைகூட இறங்கியதில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. நகரத்துக்குள் கனரக வாகனம் போகக் கூடாது. வெளிவட்டச் சாலையில் விட்டுப்போனால் டீசலும் பேட்டரியும் தார்ப்பாயும் திருடு போகும். சரக்கு குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி போன்மேல் போன் போடுவார். எனவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று இரவு வீடு திரும்பும்போது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. சாலையில் போகும் உரிமைக்காக நம் முன்னோர் ரத்தம் சிந்தினார்கள். இன்று அந்தச் சாலையிலேயே வாழும் நம் ஆட்களுக்கு அதில் நிற்கும் உரிமை இருக்கிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சாலை யாருடையது?

வண்டியும் சாலையும் இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் போக்குவரத்துச் செய்தியாக இருந்ததில்லை. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். புலையர் பொதுச்சாலையில் நடக்கவே கூடாது என்றிருந்த காலம். நல்ல வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, காளை பூட்டிய வண்டியில் ஏறி அவர் பொதுச்சாலையில் போனார். சாதி இந்துக்கள் மறித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1901இல் அம்பேத்கர் என்ற சிறுவன் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் சத்தாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கக் கிளம்பினான். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுத்தார். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். இரண்டு மடங்கு வாடகை தர வேண்டும், பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். காசு கொடுத்தவர்கள் கையிலேயே கயிறும் கொடுக்கப்பட்டது. இரவில் சுங்கச்சாவடி வந்தது. கையில் சாப்பாடு இருந்தது, தண்ணீர் இல்லை. சாவடிக்காரரிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இரவு முழுக்கப் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1929. அதே அம்பேத்கர் இப்போது பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்கானில் ரயிலைவிட்டு இறங்கினார். அவரை ஏற்றிப்போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் வரவில்லை. சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது. ஒரு குதிரைவண்டிக்காரரின் சாதிப் பெருமைக்குக் கொடுத்த மரியாதை அந்தப் பயணத்தில் இருந்தவர்களின் உயிருக்குக் கொடுக்கப்படவில்லை.

நம் பக்கத்தில், 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசு அதை ஆணையாக வெளியிட்டது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கான போராட்டமும் தொடங்கியது.

இந்த நான்கு நிகழ்வுகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் சாலையில் போவதே குற்றம். அடுத்து, போகலாம், ஆனால் வண்டி கிடைக்காது. பிறகு வண்டி கிடைக்கும், ஓட்ட ஆள் கிடைக்காது. இன்று ஓட்டுபவரே நம் ஆள். இது பெரிய மாற்றம்தான். ஆனால் 1901இன் அந்தச் சாவடியில் கேட்ட தண்ணீர் என்ன ஆயிற்று?

ஸ்டியரிங் நம் கையில், வண்டி யார் பெயரில்?

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலால் வளர்ந்த பூமி. பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, பைனான்ஸ், புக்கிங் ஆபீஸ் என்று ஊரே லாரியைச் சுற்றி இயங்குகிறது. வானம் பார்த்த பூமியில் கிணறு வற்றியபோது நிலம் வைத்திருந்தவர்கள் அந்த நிலத்தை அடமானம் வைத்து வண்டி வாங்கினார்கள். 1975இல் நேஷனல் பர்மிட் வந்ததும் வண்டிகள் மாநில எல்லை தாண்டி ஓடத் தொடங்கின. நிலம் இல்லாத நம் ஆட்கள் அதே வண்டிகளில் முதலில் கிளீனராக ஏறினார்கள். டயர் கழற்றி, கண்ணாடி துடைத்து, டிரைவருக்குச் சோறாக்கி, இரவில் செட்டுக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்திப் பழகித்தான் டிரைவர் ஆனார்கள். தாட்கோ கடனில் சொந்த வண்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்குத் தெரிந்த தெருக்களில் ஸ்டியரிங் பிடித்தவர்களை எண்ண இரு கை போதாது. ஆர்.சி. புத்தகம் தன் பெயரில் இருப்பவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

அந்த ஸ்டியரிங்கைச் சட்டப்படி பிடிப்பதற்கும் ஒரு தடை இருந்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவருக்குப் போக்குவரத்து வாகனம் ஓட்ட உரிமம் இல்லை என்றது மோட்டார் வாகன விதி. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் யார், எந்தத் தெருவில் அதிகம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2019இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது.

இத்தனைக்கும் நம் பையன்கள் ஏன் இந்த வேலைக்குப் போனார்கள்? சம்பளம் மட்டும் காரணம் இல்லை. "நம்மூர் டீக்கடையில எனக்குத் தனி கிளாஸ். தாபாவுல ஒரே கிளாஸ். அங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கறதில்ல" என்றார் அந்த அண்ணன். ஊரைவிட்டு நூறு கிலோமீட்டர் தாண்டினால் அவர் வெறும் 'மதராசி டிரைவர்'. அந்த அடையாளமின்மையில் ஒரு மூச்சுவிடும் இடம் இருந்தது. சாலை நமக்குத் தந்த விடுதலை அது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ட்ரெய்லரில் ஒரு நாள்

ட்ரெய்லர் என்பது முன்னால் ஓர் இழுவை வண்டி, பின்னால் பக்கப் பலகையோ கூரையோ இல்லாத ஒரு நீண்ட தட்டு. இரும்புக் கம்பி, தகடு, உருட்டிய காயில், குழாய், எந்திரம் எல்லாம் இதில்தான் போகும். கட்டடக் கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர். குட்டை வண்டியில் ஏற்றினால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நீட்டிய கம்பியில் பின்னால் வந்தவர்கள் குத்துப்பட்டுச் செத்த கதைகள் ஏராளம். 2014இல்தான் மத்திய அரசு வெளியே நீட்டி ஏற்றுவதற்கு இருந்த அனுமதியை விதியிலிருந்து எடுத்தது.

மூடிய வண்டியில் ஏற்றிய சரக்கைக் கதவு காக்கும். தட்டு வண்டியில் ஏற்றியதை ஓட்டுநரின் கைதான் காக்க வேண்டும். சங்கிலி போட்டு, பெல்ட் இழுத்து, காயிலுக்கு இருபக்கமும் கட்டை கொடுத்து, மேலே ஏறித் தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்ட வேண்டும். முன்பு இதற்குக் கிளீனர் இருந்தார். இப்போது செலவைக் குறைக்கப் பல முதலாளிகள் ஒற்றை டிரைவரோடு வண்டியை அனுப்புகிறார்கள். ஐம்பது வயதுக்காரர் மழையில் நனைந்த இரும்பின்மேல் தனியாக ஏறுகிறார். அங்கிருந்து விழுந்தால் அது சாலை விபத்துக் கணக்கில்கூட வராது.

கிளம்பிய கொஞ்ச தூரத்தில் சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சாப்பிட நிறுத்தும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். ஏனென்றால் திடீரென்று பிரேக் அடித்தால் சரக்கு நிற்காது. பின்னாலிருக்கும் பல டன் இரும்பு நேராகக் கேபினுக்குள் வரும். முதுகுக்குப் பின்னால் சாவை ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

இதற்கு நடுவே காத்திருப்பு. உருக்காலை வாசலில் டோக்கன் போட்டுவிட்டு ஒருநாள், இரண்டுநாள். எடைமேடையில் வரிசை. இறக்கும் இடத்தில் 'நாளைக்கு வா'. காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை, டிரிப் கணக்கில்தான் சம்பளம். கழிப்பறை 'ஸ்டாஃபுக்கு மட்டும்'. குடிநீர்க் குழாய் சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் பக்கத்து ஆலை ஒன்றின் வாசலில், வெயிலில் வண்டியின் அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். லோடுமேன்களும் கிளார்க்கும் உள்ளூர் ஆட்களாக இருந்தால் அந்தப் பழைய கேள்வியும் வரும்: "நீ எந்த ஊரு? அங்க எந்தப் பக்கம்?" தாபாவில் கழன்ற சாதி ஆலை வாசலில் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஓடும்போது அடையாளம் இல்லாதவர், நின்றவுடன் அடையாளம் உள்ளவர். நமக்கு ஓடுவதுதான் பாதுகாப்பு என்று ஆகிவிட்டது.

தொப்பூரில் யார் குற்றவாளி?

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் அந்த இறக்கத்தில் லாரி விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் செய்தி ஒன்றுதான்: "ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கினார்." நியூட்ரலில் இறங்கினால் எஞ்சினின் பிடி போய்விடும். முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இது எந்த டிரைவருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? டீசல் கணக்கைப் பாருங்கள். இந்த டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று முதலாளி முன்கூட்டியே நிர்ணயிக்கும் வழக்கம் உண்டு. கூடுதலாகச் செலவானால் டிரைவர் கணக்கில் பிடித்தம். மிச்சமானால் அவருக்குக் கொஞ்சம். கூலியின் ஒரு பகுதி அந்த இறக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அதிகச் சுமையும் அப்படித்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்வது சரக்குக்காரரும் முதலாளியும். சோதனையில் மாட்டுவது ஸ்டியரிங்கில் இருப்பவர்.

சமூகவியல் படிக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'கவனக்குறைவு' என்று காவல்துறை எழுதுவது தனிமனிதக் குணமல்ல. கூலி கட்டமைக்கப்பட்ட விதம் அந்தக் 'கவனக்குறைவை' உற்பத்தி செய்கிறது.

சட்டம் தெரிந்துதான் வைத்திருந்தது

இவர்களுக்குச் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் ஆண்டே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தூர வழித்தடத்தில் ஒப்புதலோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றது அது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு. அதன் 9ஆம் பிரிவைக் கட்டாயம் படியுங்கள். தொழிலாளர்கள் இரவில் தங்க வேண்டிய இடங்களில் ஓய்வறையோ வேறு தங்குமிடமோ முதலாளி அமைத்துத் தர வேண்டும் என்றது அது. நிற்கும் உரிமை அறுபது வருசத்துக்கு முன்பே காகிதத்தில் இருந்தது.

ஓட்டை எங்கே? ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே அந்தச் சட்டம் பொருந்தியது. இந்தியாவில் பெரும்பாலான லாரிகள் ஒருசில வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் கையில் இருக்கின்றன. பத்து வண்டிக் குடும்பமும் அப்பா பேரில் மூன்று, மருமகள் பேரில் இரண்டு என்று பிரித்துவிட்டால் முடிந்தது. டிரைவர் யாருடைய தொழிலாளி என்றே நிரூபிக்க முடியாது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த 1961 சட்டத்தைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. அதில் இந்த எண்ணிக்கை 5இலிருந்து 10 ஆகிவிட்டது. ஓட்டையை அடைக்கக் கேட்டோம், அவர்கள் வாசலாக்கிவிட்டார்கள்.

அரசின் கண் இவர்கள் மேல் விழவே இல்லையா? விழுந்தது. 1990களில் நாமக்கல் டிரைவர்களைத் தேடிக் கணக்கெடுப்பும் முகாமும் வந்தன. எச்.ஐ.வி. பரப்புபவர்கள் என்று. அந்தத் திட்டங்கள் உயிர்களைக் காப்பாற்றின, மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாத வேலை முறையை யாரும் நோயாகப் பார்க்கவில்லை. டிரைவர் மகளுக்கு வரன் பார்க்கும்போதுகூட அந்தப் பழி வந்து நின்றது.

2024 ஜனவரி முதல் நாளில் நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பாரதிய நியாய சங்கிதாவின் 106(2) பிரிவு, விபத்தில் ஒருவர் இறந்து, தகவல் சொல்லாமல் ஓட்டுநர் போய்விட்டால் 10 ஆண்டு வரை சிறை என்றது. விபத்தில் அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் டிரைவர்கள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: நின்றால் கூட்டம் எங்களை அடித்தே கொல்லும், யார் காப்பாற்றுவது? அரசு இறங்கிவந்தது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நில் என்று சட்டம் சொல்கிறது. நிற்கும் இடத்தைப் பாதுகாப்பாக்க எந்தச் சட்டமும் வரவில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

சின்னச் சின்ன மாற்றங்கள் வருகின்றன. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் புதிய லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். எண்ணெய் நிறுவனங்கள் சில பங்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் தங்கும் அறைகள் கட்டுகின்றன. வரவேற்போம். ஆனால் வண்டிக்குள் குளிர்ந்த காற்று வந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்து ஓட்டலாம் என்று முதலாளி கணக்குப் போடுவார். நேரத்தின்மேல் கட்டுப்பாடு இல்லாமல் எந்த வசதியும் சுரண்டலுக்குத்தான் பயன்படும். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது அண்ணல் எட்டு மணி நேர வேலைக்காக ஏன் அவ்வளவு மெனக்கெட்டார் என்பது இங்கேதான் புரிகிறது. தூங்கவும், படிக்கவும், சங்கம் கூடவும் நேரம் இல்லாதவர் உரிமை கேட்கவும் முடியாது.

எனவே கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். ஒரே ஒரு டிரைவர் இருந்தாலும் சட்டம் பொருந்த வேண்டும். காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே. சரக்கு ஏற்றும், இறக்கும் ஒவ்வொரு வாசலிலும் டிரைவருக்குத் தண்ணீர், கழிப்பறை, நிழல். டீசல் மிச்சத்தில் கூலியை ஒளித்துவைக்கும் முறை ஒழிய வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் டிரைவர் வீட்டுப் பிள்ளைகள். உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். அடுத்த முறை அப்பாவோ சித்தப்பாவோ டிரிப் முடித்து வரும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டினார், எங்கே தூங்கினார், எங்கே தண்ணீர் கிடைத்தது, எங்கே விரட்டினார்கள், காத்திருந்த நாளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நீதிமன்றத்துக்குப் போனாலும் தொழிலாளர் துறைக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். மசூரிலிருந்து கிளம்பிய அந்த இரவை அண்ணல் எழுதிவைக்காமல் போயிருந்தால், அந்தச் சாவடியில் தண்ணீர் மறுக்கப்பட்டது நமக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் அந்த அண்ணனின் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டார்கள். முதல் பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல அவர் மகளே எழுதினாள். நாக்பூர் என்று வந்த இடத்தில் அவள் நிறுத்தி, "இங்க எவ்வளவு நேரம்ப்பா நின்னீங்க?" என்று கேட்டாள்.

"நிக்கலீங்க சாமி" என்றார் அவர். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜெய்பீம்.